வேண்டாம் என்று சொன்ன டாக்டர்

எனக்கு அப்போது 27 வயது, மைனஸ் 7 பவர். காலையில் கண் விழித்ததும் முதல் வேலை தலையணைப் பக்கம் கையை விட்டுத் துழாவுவதுதான். கண்ணாடி கட்டிலுக்கு அடியில் விழுந்துவிட்டால் அதைத் தேட இன்னொரு கண்ணாடி வேண்டும். மூக்கின் இரண்டு பக்கமும் அழியாத பள்ளம். எட்டு வயதில் ஆரம்பித்த சங்கதி. லேசரில் இதெல்லாம் போய்விடும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, வேலைக்குப் போய் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அதைத்தான் செய்துகொள்வது என்று முடிவெடுத்து வைத்திருந்தேன்.

பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே கான்டாக்ட் லென்ஸை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். லென்ஸ் உட்கார்ந்து உட்கார்ந்து கார்னியாவின், அதாவது கண்ணின் முன்பக்கம் இருக்கும் தெளிந்த படலத்தின், வடிவத்தையே கொஞ்சம் மாற்றி வைத்திருக்கும். அது பழையபடி ஆன பிறகு அளந்தால்தான் அளவு சரியாக வரும். ஒழுங்காக நிறுத்தினேன். போன அன்று ஒரு கருவியில் தாடையை வைத்து உட்கார வைத்தார்கள். உள்ளே வளையத்துக்குள் வளையமாக வெளிச்சம். அந்த வளையங்கள் என் கண்ணில் பட்டுத் திரும்பும்போது எங்கே நெளிகின்றன என்று பார்க்கிறார்களாம். அப்புறம் இன்னொரு கருவி, சுற்றிவரும் நீலக் கீற்று. அப்புறம் கண்மணியை விரிய வைக்கும் சொட்டு மருந்து. எல்லாம் முடிந்து டாக்டர் அறைக்குள் போகும்போது இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது.

ஐம்பதைத் தாண்டியவர். மேசைமேல் என் கண்கள் இரண்டும் வண்ணப் படங்களாகக் கிடந்தன, வானிலை அறிக்கையில் காட்டும் மழைப் படம் மாதிரி. நடுவில் பச்சை, சுற்றி மஞ்சள், வலது கண்ணின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் ஆரஞ்சு. அந்த ஆரஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிராமல் கேட்டார்.

“கண்ணைக் கசக்குவீங்களா தம்பி?”

“எப்பவாவது, டாக்டர்.”

“தூசி பட்டா தும்மல், கண் அரிப்பு?”

“உண்டு.”

“அப்போ எப்பவாவது இல்லை.” பேனாவை மூடி வைத்தார். “உங்களுக்கு லேசர் வேண்டாம்.”

காரணத்தையும் சொன்னார். கார்னியாவின் தடிமன் போதுமாம், வடிவம்தான் அவருக்குப் பிடிக்கவில்லையாம். “சைக்கிள் டியூப்ல ஒரு இடம் மட்டும் ரப்பர் மெலிஞ்சிருந்தா காத்தடிக்கும்போது அங்க புடைக்கும் பாருங்க, அது மாதிரி. கண்ணுக்குள்ளயும் அழுத்தம் இருக்கு. இப்ப உங்களுக்குப் புடைக்கலை. நாம இழைச்சு விட்டா புடைக்கலாம், புடைக்காமலும் போகலாம். நான் அந்தப் பரீட்சையை எழுத மாட்டேன்.”

கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், நமக்குக் கணக்குத்தானே தெரியும். என் கார்னியா நடுவில் 540 மைக்ரான், அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். லேசரால் அதை ஆறு மில்லிமீட்டர் அகலத்துக்கு இழைத்தால் ஒரு பவருக்கு ஏறத்தாழ 12 மைக்ரான் போகும். ஏழு பவருக்கு 84. இழைப்பதற்கு முன் தூக்கிவைக்கும் கார்னியாவின் மேல்மடல் ஒரு 110. ஆக 194 போனாலும் அடியில் 346 மிச்சம். குறைந்தது 250 மைக்ரானாவது அடியில் இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் வெகுநாளாகப் புழங்கும் விதி. 300 இருந்தால்தான் கை வைப்போம் என்பவர்களும் உண்டு. எனக்கு அதற்கும் மேலே இருக்கிறது. கணக்கில் பாஸ், படத்தில் ஃபெயில். எந்த வாத்தியார் இப்படி மார்க் போடுவார்?

இரண்டாவது இடத்துக்குப் போனேன். அதன் பெயர் எதற்கு? முகப்பில் சுவர் உயரத்துக்கு டாக்டரின் படம், கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார், கீழே இத்தனை ஆயிரம் கண்கள் என்று ஓர் எண். ஆலோசகர் என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். ரொம்ப அன்பாகப் பேசினார். “ரெண்டு கண்ணும் சேர்த்து கால் மணி நேரம் சார், மறுநாளே வண்டி ஓட்டலாம்.” தேதியும் குறித்தாகிவிட்டது. அதுவரை டாக்டரை நான் பார்க்கவில்லை. தேதிக்கு முன்னால் அவரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று பார்த்தேன். முதல் டாக்டர் கொடுத்த படத்தை எடுத்து நீட்டினேன். நிறைய நேரம் பார்த்தார். “எல்லைக்கோட்டுல இருக்கு. செய்யலாம். ஆனா...” என்று இழுத்தார். அந்த ஆனாவுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. தேதியை ரத்து செய்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்த லேசர் டாக்டர்கள் யார், எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார்கள் என்று தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் என்னை நிராகரித்தவர்மேல் குற்றம் கண்டுபிடிக்கத்தான். ஆனால் போகப்போக இந்தத் தொழிலின் கதையே எனக்குப் பிடித்துப்போனது. மற்ற அறுவை சிகிச்சைக்காரர்களிடம் போகிறவன் வேறு வழியில்லாமல் போகிறான். குடல்வால் வெடிக்கப்போகிறது, வேறு என்ன செய்ய? லேசர் டாக்டரிடம் போகிற என்னைப் போன்றவனுக்கு வியாதி என்று எதுவும் கிடையாது. கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிறது. நன்றாகத் தெரிகிற ஒரு கண்ணில்தான் அவர்கள் கைவைக்கிறார்கள். சரியாக வந்தால் கண்ணாடி போகும். தவறிப்போனால் முன்பு இருந்ததும் போகும்.

ஜப்பானில் சுடோமு சாட்டோ என்று ஒரு கண் மருத்துவர். கார்னியாவில் கீறல் போட்டால் அது தட்டையாகி கிட்டப்பார்வை குறைகிறது என்று 1930-களிலேயே கவனித்தவர். கீறலை வெளிப்பக்கம் மட்டுமல்ல, உட்பக்கமும் போட்டார். நோயாளிகளுக்குக் கண் தெரிந்தது, சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். கார்னியாவின் உட்பக்கத்தில் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்கள்தான் அதற்குள் தண்ணீர் ஏறாமல் இறைத்துக்கொண்டிருக்கின்றன என்பதும், அவை போனால் திரும்ப முளைக்காது என்பதும் அன்றைக்குத் தெரியாது. பத்து, இருபது வருடம் கழித்து அந்த நோயாளிகளில் பலருக்குக் கார்னியா ஊறிப்போய் வெளுத்தது. சாட்டோ கெட்ட மனிதர் இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

இந்த வரிசையில் அடுத்து வருபவர் ஸ்வியாதஸ்லாவ் ஃபியோதரோவ். அவர் பக்கத்தில் நான் நிறைய நாள் நின்றுவிட்டேன். 1927-ல் பிறந்தவர். விமானியாக ஆசைப்பட்டு, இளம் வயதில் ஒரு விபத்தில் காலை இழந்து, மருத்துவத்துக்கு வந்தார். 1960-ல் சிபோக்சாரி நகரில், சோவியத் நாட்டிலேயே முதன்முறையாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். அதற்குக் கிடைத்த பரிசு, வேலை போனது. ஒரு பத்திரிகையாளர் அவருக்காக எழுதி வாதாடிய பிறகுதான் நிலைமை மாறியது. பத்திரிகையின் பலம் என்ன என்று அப்போதே புரிந்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் அவர் கேமராவை விட்டு விலகி இருந்ததாகவே தெரியவில்லை.

1974-ல் அவர் சாட்டோவின் யோசனையைத் திருத்தி எடுத்தார். கீறல் வெளிப்பக்கம் மட்டும், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி நடுவிலிருந்து ஓரத்துக்கு. கண்ணாடி உடைந்து சில்லு கண்ணில் பட்ட ஒரு பையனுக்கு, காயம் ஆறிய பிறகு கிட்டப்பார்வை குறைந்திருந்ததைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. அப்புறம் அவர் செய்ததுதான் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. மாஸ்கோவில் அறுவை சிகிச்சைக்கு ஒரு கன்வேயர் கட்டினார், தொழிற்சாலையில் இருப்பது மாதிரி. நோயாளிகள் படுக்கையோடு நகர்ந்து வருவார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு டாக்டர், அவருக்கு ஒரே ஒரு வேலை. ஒருவர் அளப்பார், அடுத்தவர் கீறுவார், அதற்கடுத்தவர் சரிபார்ப்பார். 1986-ல் பெரிய நிறுவனமே அவர் கையில் வந்தது. பல நகரங்களில் கிளைகள். பியோத்தர் பெர்வி என்ற கப்பலைக் கண் மருத்துவமனையாக்கிக் கடலில் அனுப்பினார்கள்.

அப்புறம் அரசியல். 1989-ல் மக்கள் பிரதிநிதி. 1995-ல் தொழிலாளர் சுயநிர்வாகக் கட்சி என்று சொந்தக் கட்சி. ஒரு நிறுவனத்தின் லாபத்தில் உழைப்பவர்களுக்குப் பங்கு வேண்டும் என்பது அவருடைய கொள்கை, அதைத் தன் மருத்துவமனையில் செய்தும் காட்டினார். 1996-ல் அதிபர் தேர்தலிலும் நின்றார். கிடைத்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நாடு முழுக்கத் தெரிந்த முகம், எத்தனையோ குடும்பங்கள் கையெடுத்துக் கும்பிட்ட டாக்டர், ஆனால் ஓட்டு என்று வரும்போது ஒரு சதவீதம்கூட இல்லை. கண்ணைக் கொடுத்தவன் என்பதற்காக நாட்டைக் கொடுத்துவிட மாட்டார்கள் போல. 2000 ஜூன் 2-ம் தேதி அவருடைய நிறுவனத்தின் ஹெலிகாப்டர் மாஸ்கோ அருகே விழுந்து இறந்தார்.

ஃபியோதரோவின் கீறல் முறை அமெரிக்காவுக்குப் போனபோது அங்கே சிலர், சரி, இதைப் பத்து வருடம் பின்தொடர்ந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. பெரும்பாலானோர் கண்ணாடி இல்லாமல் சமாளித்தார்கள். ஆனால் 43 சதவீதம் கண்கள் நிற்காமல் தூரப்பார்வைப் பக்கமாக ஒரு பவரோ அதற்கு மேலோ நகர்ந்திருந்தன. கீறிய கார்னியா கீறியபடியே நிற்கவில்லை. 1996-ல் எவரெஸ்ட் ஏறப்போன பெக் வெதர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தக் கீறல் செய்துகொண்டவர்தான். உயரம் ஏற ஏற, ஆக்சிஜன் குறையக் குறைய, கீறிய கார்னியா வீங்கி அவருக்குப் பார்வை போய்விட்டது. எட்டாயிரம் மீட்டர் உயரத்தில் குருடனாக நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கன்வேயரில் வேண்டாம் என்று சொல்லும் டாக்டருக்கு எந்த இடம்? ஃபியோதரோவின் ஆட்கள் எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினார்கள் என்று நான் சொல்லவரவில்லை, முன்பரிசோதனை அங்கேயும் இருந்தது. ஆனால் ஒரு டாக்டர் எத்தனை பேருக்குச் செய்தார் என்பதைச் சுவரில் எழுதலாம், டிவியில் காட்டலாம், தேர்தலில்கூட நிற்கலாம். எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. திருப்பி அனுப்பப்பட்டவனும் என்னைப் போல முறைத்துக்கொண்டு போவானே தவிர, அவரைப் பற்றி நாலு பேரிடம் நல்லதாகச் சொல்ல மாட்டான்.

லேசர் எங்கே என்று கேட்பீர்கள். அதனால் திசுவைக் கருகாமல் வெட்டலாம் என்று கண்டுபிடித்தவர்கள் கண் டாக்டர்களே இல்லை. சென்னையில் 1929-ல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்கா போய் ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த ரங்கசாமி சீனிவாசன், கூட ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம். எக்ஸைமர் லேசரை அவர்கள் பிளாஸ்டிக் மாதிரி பொருட்களைப் பொளிக்கத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 1981 நவம்பர் 27, அமெரிக்கர்களின் நன்றி நவிலும் விருந்துக்கு மறுநாள், விருந்தில் மிச்சமான வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் சீனிவாசன் கூடத்துக்கு எடுத்துப்போனார். 193 நானோமீட்டர் அலைநீளப் புறஊதாக் கதிர் பட்ட இடம் கருகாமல், ஓரம் பிசிறாமல் வெட்டுப்பட்டிருந்தது. சூடாக்கி எரிப்பதில்லை, மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்துவிடுகிறது. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் போலத்தான் போகும். ஒரு தலைமுடியில் இந்த லேசரால் வரிசையாகக் காடி வெட்டிய புகைப்படம் ஒன்று உண்டு. எனக்கு முதலில் பார்த்தபோது நம்பிக்கை வரவில்லை.

இதைக் கண்ணுக்குக் கொண்டுவந்தவர் ஸ்டீபன் டிரோக்கல். கன்றுக்குட்டியின் கண்களில் செய்துபார்த்து 1983-ல் கட்டுரை எழுதினார். அடுத்த சில வருடங்கள் வேகமாக ஓடுகின்றன. முயல், குரங்கு, பார்வை போன மனிதக் கண் என்று வரிசையாக வந்து, 1988-ல் நியூ ஆர்லியன்ஸில் மார்கரீட் மெக்டானல்ட் பார்வையுள்ள ஒரு மனிதக் கண்ணில் முதன்முதலாகச் செய்கிறார். அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரி ஒரு வயதான அம்மா. கண்குழியில் புற்றுநோய், கண்ணை எடுத்துவிடப்போகிறார்கள். எடுப்பதற்கு முன்னால் யாருக்காவது உபயோகப்படட்டும் என்று அவரே முன்வந்தார். டாக்டர்களின் பெயர்களைத்தான் எல்லாரும் சொல்கிறோம். இந்தத் தொழிலில் முதல் தைரியம் மேசைக்கு மேலே நின்றவருடையது அல்ல, மேசையில் படுத்தவருடையது.

கிரீட் தீவில் யோனிஸ் பாலிகாரிஸ் கார்னியாவின் மேல்பகுதியை மடல் மாதிரி தூக்கி, அடியில் லேசர் விட்டு, மடலைத் திரும்ப மூடினார். லாசிக் என்று பெயர் வைத்தவரும் அவரே. அவர் பின்னாளில் தான் வேலைபார்த்த பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். மடலைத் தூக்க முதலில் பிளேடு. அப்புறம் அதற்கும் ஒரு லேசர் வந்தது. அந்த லேசரின் கதை வேடிக்கை. மிச்சிகன் பல்கலைக்கழகக் கூடத்தில் ஒரு மாணவர் கவனக்குறைவாக அதிவேக லேசரைக் கண்ணில் வாங்கிக்கொண்டார். பரிசோதித்த கண் டாக்டர், விழித்திரையில் பட்ட புண் இவ்வளவு துல்லியமாக இருக்கிறதே, இது என்ன லேசர் என்று கேட்டார். அங்கே பிடித்த நூல் அது. அந்தத் தொழில்நுட்பத்துக்கு அடிப்படை போட்ட ஜெரார்ட் மூரூவும் டோனா ஸ்ட்ரிக்லண்டும் 2018-ல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

எனக்குப் பிடித்தவர் வேறு ஆள். ஜெர்மனியின் தியோ சைலர். எக்ஸைமர் லேசரால் மனிதக் கண்ணை முதலில் தொட்டவர்களில் ஒருவர், பெர்லினில், 1980-களின் நடுவில். லாசிக் உலகம் முழுக்கக் கொடிகட்டிப் பறந்த காலத்தில், 1998-ல், அவரே ஒரு கட்டுரை எழுதினார்: லாசிக் செய்துகொண்ட சில கண்களில் கார்னியா தாங்காமல் முன்னால் புடைத்து வருகிறது. என் டாக்டர் சொன்ன சைக்கிள் டியூப். நல்ல வியாபாரம் நடக்கும் கடையில் நின்றுகொண்டு இந்தச் சரக்கில் குறை இருக்கிறது என்று கடைக்காரரே சொன்ன மாதிரி. அதோடு விடவில்லை. 2003-ல் வொல்லென்சாக், ஸ்போயர்ல் இருவரோடு சேர்ந்து, கார்னியாவில் வைட்டமின் பி-2 சொட்டுகளை ஊறவிட்டு புறஊதா ஒளி காட்டினால் அது விறைப்பாகி, புடைப்பது நிற்கிறது என்று காட்டினார். இன்று கூம்புக் கார்னியா, அதாவது கார்னியா கூம்பு மாதிரி புடைக்கும் நோய், உள்ள இளம்பிள்ளைகளுக்கு அதுதான் முதல் சிகிச்சை.

பாட்ரிசியா பாத் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கே குறையாக இருக்கும். கண்ணாடியைக் கழற்றும் லேசர் இல்லை அவருடையது; கண்புரையை லேசரால் கரைத்து உறிஞ்சும் கருவி. 1988-ல் காப்புரிமை வாங்கினார். நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பினப் பெண். பயிற்சிக் காலத்தில் இரண்டு மருத்துவமனைகளில் மாறிமாறி வேலைபார்த்தபோது ஒன்றைக் கவனித்தார். ஹார்லெமில் வருகிறவர்களில் பார்வை போனவர்கள் அதிகம், பணக்காரப் பகுதி மருத்துவமனையில் குறைவு. காரணம் கண்ணில் இல்லை, டாக்டரிடம் வந்து சேராததில் இருக்கிறது என்றார். 1976-ல் பார்வையிழப்பைத் தடுக்க ஓர் அமைப்பைத் தொடங்கி, பார்வை மனிதரின் அடிப்படை உரிமை என்று கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார். 2019-ல் இறந்தார். அவரும் ஃபியோதரோவும் பொதுவாழ்க்கைக்கு வந்த டாக்டர்கள்தான். ஒருவர் வந்தவர்களை எண்ணினார், இன்னொருவர் வராதவர்களை எண்ணினார்.

படித்தது போதாதென்று ஒருநாள் நேரிலும் பார்த்தேன். கூட வேலைபார்க்கும் நண்பனுக்கு மைனஸ் 4, அவன் கார்னியா பாஸ். என் டாக்டரிடமே போனான், துணைக்கு நான். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே ஒரு திரை. அதில் அவன் கண் மட்டும் தட்டு அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. மரத்துப்போகும் சொட்டு, இமையை விரித்துப் பிடிக்கும் கம்பி. ஒரு வளையம் கண்மேல் வந்து பற்றிக்கொண்டது. “இப்ப இருட்டும், பயப்படாதீங்க.” மடல் ஒரு பக்கம் புத்தகத் தாள் மாதிரி திரும்பியது. “பச்சை லைட்டை மட்டும் பாருங்க. அசைஞ்சாலும் மெஷின் பின்னாடியே வரும், ஆனா நீங்க அசையாதீங்க.” டட்டட் என்று சத்தம். டாக்டர் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார், குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல். எட்டு, ஒன்பது, முடிஞ்சுது. முடி கருகுகிற வாசனை வந்தது என்று நண்பன் பிறகு சொன்னான். கருகவில்லை, தெறித்த திசுவின் வாசனை என்று நான் என் படிப்பைக் காட்டினேன். அவன் கண்டுகொள்ளவில்லை, சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்த ஒன்பது நொடியில் டாக்டருக்குக் கைவேலை அதிகம் இல்லை. மருத்துவப் படிப்பு, அதன்மேல் கண் மருத்துவம், அதன்மேலும் ஒன்றிரண்டு வருடம் கார்னியா என்று பத்துப் பன்னிரண்டு வருடம் படித்துவிட்டு, மிதியை மிதித்துக்கொண்டு எண்ணுகிறார். அந்த வருடங்களெல்லாம் செலவாகிற இடம் அது இல்லை. மழைப் படத்தில் ஓர் ஆரஞ்சுத் திட்டைப் பார்த்துப் பேனாவை மூடும் இடம்.

சரி, மறுபக்கமும் சொல்ல வேண்டும். லேசரால் கெட்டுப்போனோம் என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்பதற்கென்றே மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2008-ல் ஒரு விசாரணைக் கூட்டம் நடத்தியது. அதே எஃப்டிஏவில் இருந்துகொண்டு லாசிக்குக்கு அனுமதி கொடுத்த குழுவில் முக்கியமானவராக இருந்த மோரிஸ் வாக்ஸ்லர், ஓய்வுக்குப் பிறகு 2011-ல் அந்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லி மனுவே போட்டார். எஃப்டிஏ மறுத்துவிட்டது. பின்னர் அவர்களே சேர்ந்து நடத்திய ஆய்வில் 95 சதவீதத்துக்கு மேல் திருப்தி என்றுதான் வந்தது. ஆனால் அதே ஆய்வில், முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை, மூன்று மாதம் கழித்து விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், கூசல் என்று ஏதாவது ஒன்று புதிதாகத் தெரிவதாகச் சொன்னார்கள். அதனால் ரொம்பச் சிரமப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. திருப்தியும் தொந்தரவும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம் என்பதை அந்த ஆலோசகர் பெண் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

இடையில் ஒன்று. லேசர் டாக்டர்களே ஏன் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. நாற்பதுக்கு மேல் எல்லாருக்கும் வரும் வெள்ளெழுத்துக்குத்தான் பெரும்பாலும் அந்தக் கண்ணாடி. லேசர் செய்துகொண்ட கண் டாக்டர்கள் நிறையவே இருக்கிறார்கள். தயவுசெய்து அதை எனக்கு அனுப்பாதீர்கள்.

இப்போது எனக்கு 38. வருடத்துக்கு ஒருமுறை அதே டாக்டரிடம் போய் அதே கருவியில் தாடையை வைக்கிறேன். பதினொரு படம் சேர்ந்துவிட்டது. போன மாதம் அவர் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார். அந்த ஆரஞ்சு திட்டு அங்கேயேதான் இருக்கிறது. பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை, சிவக்கவும் இல்லை. பவர் மட்டும் ஏழிலிருந்து ஏழரை.

ரொம்ப நாள் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “அப்போ அன்னைக்கே பண்ணியிருக்கலாமோ டாக்டர்?”

“பண்ணியிருக்கலாம்.”

“ஒண்ணும் ஆகியிருக்காதா?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? பண்ணியிருந்தாதானே தெரியும்.” படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உறைக்குள் போட்டார். இதற்காகப் பதினொரு வருடம் நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்ததோ, நடுவில் ஒரு கட்டத்தில் மனதுக்குள் நன்றி சொல்ல ஆரம்பித்ததோ அவருக்குத் தெரியாது. இரண்டில் எது சரி என்று எனக்கும் தெரியாது, அந்தப் படங்களும் சொல்லாது.

புதுக் கண்ணாடிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, நான் எழுந்திரிக்கும்போது வழக்கம்போலக் கேட்டார். “கண்ணைக் கசக்குறீங்களா?”

“இல்ல டாக்டர்.”

“வலது கண்ணு சிவந்திருக்கு.”

“பஸ்ல தூசி டாக்டர்,” என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தேன்.